நூற்றிருபது தப்படி

இரண்டு மணிக்குத்தான் வருவார்கள். அவன் பன்னிரண்டுக்கே மேசையைத் துடைத்துவிட்டான். ஒன்றரைக்கு இன்னொரு முறை துடைத்தான்.

மேசைமேல் ஒரு கட்டத் தாள், ஒரு எஃகு அளவுகோல், விதிகள் எழுதிய நோட்டு, பகடை டப்பா. எட்டு மாதமாக அவற்றை யாரும் தொடவில்லை. அளவுகோலையும் தாளையும் மட்டும் அவன் தினமும் தொட்டிருந்தான்.

அது கதைக்குள் ஆடும் ஆட்டம். ஒருவர் நடுவராக இருந்து உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவார்கள். என்ன செய்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும். அது நடக்குமா நடக்காதா என்பதை விதியும் பகடையும் பார்த்துக்கொள்ளும். ஏழு வருடமாக ஒரே கதை. நடுவர் அவன். மனைவியின் தம்பி வில்லாளி. கல்லூரியில் அவனோடும் மனைவியோடும் படித்து, இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தோழி திருடி. அவளை எல்லோரும் மாத்திரை என்றே கூப்பிடுவார்கள். மனைவி மந்திரக்காரி. கையிலிருந்து நெருப்பை எறிவாள்.

கடைசியாக ஆடிய ஞாயிறன்று ஆட்டம் பாதியில் நின்றது. பள்ளத்தின் குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம். அந்தக் கரையில் நாற்பது எதிரிகள், பாதிப் பேர் கையில் வில். இந்தக் கரையில் வில்லாளியும் திருடியும் காயத்தோடு கிடந்தார்கள். பாலத்துக்கு மேலே ஐம்பது தப்படி உயரத்தில், ஒரு பாறை மறைவில், மந்திரக்காரி. பாலத்தின் இந்தக் கரைக் கம்பத்தை எரித்துவிட்டால் மூவரும் பிழைப்பார்கள். எரியாவிட்டால் மூவரும் சாவார்கள். ஏழு வருடக் கதையும் அங்கேயே முடியும்.

மனைவி கட்டங்களை எண்ணினாள். தாளில் ஒரு மில்லிமீட்டர், கதையில் ஒரு தப்படி.

"நூத்திப் பன்னெண்டு. நெருப்பு நூத்திருபது போகும். எறியறேன்."

"எட்டாது," என்றான் அவன். "நீ நிக்கிறது மேட்டுல. சரிவையும் சேர்த்துத்தான் தூரம்."

"மேலேருந்து கீழ எறியறேன். உயரம் எனக்குச் சாதகமா பாதகமா?"

"கல்லுன்னா சாதகம். நெருப்புக்கு ஏது எடை?"

"எடையே இல்லாதது எதுக்கு நூத்திருபதுல போய் நிக்குது?"

"அது விதி," என்றான்.

"ஆபீஸ்ல மலையெல்லாம் தட்டையாக்கி வரையற. வீட்டுக்கு வந்தா மட்டும் மலையத் தூக்கி என் தலையில வைக்கிற."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவன் சர்வேயர். காட்டிலும் மேட்டிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பவன். சரிவில் அளந்ததைத் தட்டையாக்கித் தாளில் ஏற்றுவதுதான் அவன் பிழைப்பு. அவள் சொன்னது உண்மை, அதனால்தான் சுருக்கென்றது.

"சரியா அளந்து அடுத்த வாரம் சொல்லு," என்று எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினாள். அன்று இரவு வரை அவனோடு பேசவில்லை. திங்களும் செவ்வாயும் சாவி, பால், கரண்ட் பில் என்று தேவைக்குப் பேசினாள். புதன் காலை பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் அளந்து சொல்லவில்லை.

அதன் பிறகு அளந்தான். தட்டையில் நூற்றுப் பன்னிரண்டு, உயரம் ஐம்பது, சரிவில் நூற்று இருபத்திரண்டு புள்ளி ஆறு ஐந்து. பிளாஸ்டிக் அளவுகோலை நம்பாமல் எஃகு அளவுகோல் வாங்கினான். மழை நாளில் தாள் ஈரம் குடித்து விரியும் என்பது அவன் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வெயில் நாளில் மறுபடி அளந்தான். மூன்று மில்லிமீட்டர் சுருங்கினால்தான் பதில் மாறும். எந்தத் தாளும் அவ்வளவு சுருங்காது. தெரிந்தும் அளந்தான்.

எட்டும் என்றால், அன்று அவளோடு போட்ட சண்டை அவன் தப்பு. எட்டாது என்றால், கதைக்குள் அவளைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும், இரண்டாம் முறை அவள் போவதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர். நோட்டை மூடிவைத்தான். மச்சான் மாதம் ஒருமுறை கேட்டான், "ஆட்டத்த முடிச்சிரலாமா மாமா?" என்று. பார்க்கலாம் பார்க்கலாம் என்று எட்டு மாதம் ஓட்டினான். போன வாரம் மச்சான் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு வரோம்," என்றான்.

இன்று காலை பல் தேய்க்கும்போது முடிவு செய்தான். எட்டும் என்று சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்தது.

அழைப்பு மணி அடித்தது. அவன் கதவைத் திறந்தான்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் விரல் இடுக்கில் கிரீஸ் இருக்கும். மாத்திரை ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. மூன்றில் உட்கார்ந்தார்கள். நாலாவதின் முன்னால் மந்திரக்காரியின் தாள் இருந்தது. உயிர்ப் புள்ளி, மந்திரங்கள், பையில் உள்ள பொருள்கள், எல்லாம் அவள் கையெழுத்தில். தாள்மேல் அவளுடைய நீலப் பகடை. இருபது முகம்.

"ஏன்டா இப்படி வேர்க்குது உனக்கு?" என்றாள் மாத்திரை. "ஃபேன் ஓடுதில்ல?"

"ஓடுது."

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய். சரி, ஆரம்பி."

அவன் நோட்டைத் திறந்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாற்பது தடவை ஒத்திகை பார்த்திருந்தான். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தான்.

"போன தடவை ஒரு கேள்வி பாக்கி. அளந்துட்டேன். எட்டும்."

மாத்திரை மூச்சு விட்டாள். மச்சான் விடவில்லை.

"எப்படி எட்டும்?"

"தட்டையா எடுத்தா நூத்திப் பன்னெண்டு."

"சரிவு?"

"சரிவு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆட்டம்தானே. கட்டத்தை எண்ணிட்டுப் போயிரலாம்."

மச்சான் கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தான்.

"அப்போ என் குதிரை?"

அவன் பயந்தது இதற்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் இதேபோல் ஒரு மேட்டிலிருந்து வில்லாளி அம்பு விட்டான். கட்டக் கணக்கில் நூற்றுப் பத்தொன்பது. சரிவைச் சேர்த்ததும் எட்டாமல் போனது. எதிரி தப்பித்து வந்து குதிரையைக் குத்திக் கொன்றான்.

"ஒரு வாரம் நான் சரியாச் சாப்பிடல மாமா. அக்கா என்னை எவ்வளவு ஓட்டுனா தெரியுமா? தாளுல இருக்கிற குதிரைக்கு ஒப்பாரியான்னு. அப்போ சரிவு உண்டு, இப்போ கிடையாதா? ஆளுக்கு ஒரு அளவுகோலா?"

"அது வேற..."

"என்ன வேற?"

என்ன வேறு என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் நாலாவது நாற்காலியைப் பார்க்கவில்லை.

"விடுடா அவனை," என்றாள் மாத்திரை மச்சானிடம். பிறகு இவன் பக்கம் திரும்பினாள். "ஆனா அவன் கேக்கறது நியாயம். ஆரம்பத்துல நெருப்புக்கு எல்லையே வைக்காம விட்டியே, ஞாபகம் இருக்கா? கண்ணுக்குத் தெரியற வரைக்கும் அவ எரிச்சுட்டே போனா. இவன் வில்லைக் கீழ வச்சுட்டு, எல்லாருக்கும் டீ போடப் போறேன்னு எழுந்துட்டான். நூத்திருபதுன்னு எல்லை வைக்கச் சொன்னதே அவதான். தம்பிக்கும் ஏதாவது வேலை இருக்கட்டும்னு. அம்புக்கும் அதே நூத்திருபது. நீ இரக்கப்பட்டு அவளை ஜெயிக்க வச்சா சும்மா விடுவாளா?"

அவன் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"அப்போ எட்டாது," என்றான். "எட்டாதுன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். எல்லாரும் சாவோம்," என்றான் மச்சான். அவன் குரலும் இறங்கியிருந்தது. "அக்காவும்."

பக்கத்து வீட்டில் யாரோ குக்கரைத் திறந்தார்கள்.

"எவ்வளவு குறையுது?" என்று கேட்டாள் மாத்திரை. தாமதப்படுத்தக் கேட்டதுபோல்தான் இருந்தது.

"ரெண்டே முக்கால். கிட்டத்தட்ட."

"என்னது?"

"நூத்தி இருபத்திரெண்டு புள்ளி ஆறு அஞ்சு. ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி."

மாத்திரையும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டே முக்கால் தப்படியா?" என்றான் மச்சான். "மாமா, அன்னைக்கு எட்டாதுன்னு மட்டும்தானே சொன்னீங்க. நான் முப்பது நாப்பது குறையும்னு நெனச்சேன்."

"நானும்," என்றாள் மாத்திரை.

"எறியறதுக்கு முன்னாடி ஆறு தப்படி வரைக்கும் நடக்கலாம். அது உங்க விதிதான். அக்கா அன்னைக்கு நடக்கவே இல்ல. ரெண்டே முக்கால்னு சொல்லியிருந்தா எழுந்து நடந்திருப்பா."

அவன் நோட்டைப் பார்த்தான். நாலாம் பக்கம், அவன் கையெழுத்து. ஒரு முறைக்கு ஆறு தப்படி நடக்கலாம். எட்டு மாதம் அவன் தூரத்தை அளந்தான், தாளை அளந்தான், ஈரத்தை அளந்தான். இந்த வரியைப் படிக்கவில்லை. அவளுக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. எவ்வளவு நடந்தால் போதும் என்று தெரியாமல் யார் மறைவை விட்டு வருவார்கள்? கருவி வைத்து அளப்பவன் அளந்து சொல்லாமல், எட்டாது என்று ஒரு சொல்லில் வாயை அடைத்திருந்தான்.

அன்று நடந்த சண்டையில் அவன் தப்பு அதுதான். கணக்கு சரி. எண்ணைச் சொல்லவில்லை.

"நாலு தப்படி முன்னால வந்தா?" என்றாள் மாத்திரை மெதுவாக.

அவன் கால்குலேட்டரை எடுத்தான். விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் விழுந்தது. "நூத்திப் பத்தொன்பது."

"எட்டுது."

"எட்டுது. ஆனா நாலு தப்படி வந்தா பாறைக்கு வெளியில வந்துருவா. அந்தக் கரையில இருபது வில்லு இருக்கு."

"அக்கா வருவா," என்றான் மச்சான்.

"வருவா," என்றாள் மாத்திரை.

அவனுக்கும் தெரியும். மந்திரக்காரிக்கான சிறிய மரக்காயை எடுத்து நாலு மில்லிமீட்டர் நகர்த்தினான். காய் தாளில் நிற்காமல் ஒருமுறை சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தான்.

நீலப் பகடையை யார் உருட்டுவது என்று ஒரு தயக்கம். "என் கை ராசி ஊருக்கே தெரியும், நான் தொட மாட்டேன்," என்றான் மச்சான். மாத்திரை எடுத்தாள். ஒன்பது அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். கைக்குள் குலுக்கவில்லை, அப்படியே விட்டாள். பகடை அளவுகோலில் மோதி நின்றது.

பதினாலு.

கம்பம் எரிந்தது. கயிறு அறுந்து பாலம் பள்ளத்தில் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில் மச்சான் மேசையைத் தட்டுவான். இப்போது தட்டவில்லை. இருபது வில் இன்னும் பாக்கி இருந்தது.

எதிரிக்குப் பகடை உருட்டுவது நடுவர் வேலை. அவன் டப்பாவிலிருந்து தன் கறுப்புப் பகடையை எடுத்தான். வழக்கமாக ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்தி, யாரும் பார்க்காமல் உருட்டுவான். அட்டையை மடக்கிக் கீழே வைத்தான். இனி எந்த எண் விழுந்தாலும் மாற்ற முடியாது. அவளுக்கு ஆறு உயிர்ப் புள்ளி மீதி. இருபது அம்பில் இரண்டு பட்டால் போதும்.

அளவுகோலை வைத்தான். அந்தக் கரைக்கும் மந்திரக்காரிக்கும் நூற்றுப் பதினாலு. மறுபடி வைத்தான். நூற்றுப் பதினாலு.

"எட்டும்," என்றான். கை பகடையை இறுக்கியது.

"மாமா," என்றான் மச்சான்.

"என்ன?"

"சரிவு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கீழேருந்து மேல விடறாங்க. அவங்களுக்கும் அதே மலைதானே? என் குதிரைக்கு ஒரு நியாயம், அவனுங்களுக்கு ஒரு நியாயமா?"

பகடையைக் கீழே வைத்தான். நூற்றுப் பதினாலு, ஐம்பது. கால்குலேட்டரில் போட்டான். அழித்துவிட்டு மறுபடி போட்டான். மாத்திரை நாற்காலியை விட்டு எழுந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளிடம் கால்குலேட்டரைக் கொடுத்து அவளையும் ஒருமுறை போடச் சொன்னான். நூற்று இருபத்துநாலு புள்ளி நாலு எட்டு. மூன்று முறையும் அதுதான்.

அவள் சொன்னபடி கட்டத்தை மட்டும் எண்ணுவது விதியானால், நூற்றுப் பதினாலில் நிற்பவளை இந்த அம்புகள் எட்டும்.

அவன் பேனாவை எடுத்து, விதி நோட்டின் நாலாம் பக்கத்தில், நடப்பதைப் பற்றிய வரிக்குக் கீழே எழுதினான். எட்டாது என்று நடுவர் சொன்னால், எவ்வளவு குறைகிறது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

"என்னடா எழுதற? சொல்லு," என்றாள் மாத்திரை. "ஆளு வெட்ட வெளியில நிக்கிறா. அம்பு எட்டுதா இல்லையா?"

"எட்டாது," என்றான். பிறகு நோட்டைப் பார்த்துவிட்டு, நாலாவது நாற்காலியைப் பார்த்துச் சொன்னான்.

"நாலரைத் தப்படி குறையுது."