முப்பத்திரண்டு நாற்காலிகளில் முப்பத்தாறு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அரசாங்க அலுவலகக் கட்டடங்கள் எவ்வளவு பயன்படுகின்றன, அவற்றை நடத்த என்ன செலவாகிறது என்று ஆண்டுதோறும் ஓர் அறிக்கை அச்சுக்கு வரும். அதை எழுதியவரையும் என்னையும் தவிர வேறு யாரும் முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை. இந்த ஆண்டு, நாற்பத்தோராம் பக்கத்தில், ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் அட்டவணையில் இப்படி இருந்தது: நான்காம் தளம், நாற்காலிகள் 32, அதிகபட்சமாக நிரம்பியது 112.5 விழுக்காடு.

பிழை என்று நினைத்துச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "இருக்கறத அப்படியே போடுங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். கணக்குப் போட்டால் முப்பத்திரண்டு நாற்காலிக்கு முப்பத்தாறு பேர் வருகிறது. பஸ்ஸில் நடக்கலாம். அலுவலகத்தில் எப்படி நடக்கும்? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், உட்கார இடமில்லாத அந்த நான்கு பேர் என்னோடு வந்தார்கள்.

எண் மட்டும்தான் அறிக்கையுடையது. மற்றதெல்லாம் என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: "காலை வெயிலில் அந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு திமிங்கிலத்தைப் போல"

(நிறுத்திவிட்டேன். நான் திமிங்கிலத்தைப் பார்த்ததில்லை. கட்டடம் கட்டடம் மாதிரியே இருந்துவிட்டுப் போகட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "அலுவலகம் என்பதுதான் என்ன? மனிதர்கள் கூடும் இடமா, அல்லது மனிதர்களுக்காகக் காத்திருக்கும்"

(இப்படி ஆரம்பித்தால் என் மனைவியே படிக்க மாட்டாள்.)

மூன்றாவது, இது நிற்கட்டும்: ஒரு திங்கட்கிழமை, நான்காம் தளத்தில் இருக்கும் எடை அளவுப் பிரிவின் கண்காணிப்பாளர் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கண்காணிப்பாளரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான்.

அடுத்த வாரம் ஐந்து நாளும் காலை பதினொரு மணிக்கு ஒவ்வொரு தளத்திலும் தலை எண்ணப்படும் என்றது சுற்றறிக்கை. சராசரியாகப் பாதி நாற்காலிகூட நிரம்பாத தளம் பூட்டப்படும். அந்தப் பிரிவு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுக் கட்டடத்துக்குப் போக வேண்டும்.

(சுற்றறிக்கை எழுதியவரைத் திட்டாதீர்கள். ஆளில்லாத நாற்காலிக்கும் அதே குளிர்தான் போகிறது, அதே விளக்குதான் எரிகிறது, அதைச் சுற்றியும் யாரோ குனிந்து பெருக்குகிறார்கள். அந்தச் செலவு உங்கள் பையிலிருந்தும் என் பையிலிருந்தும் போகிறது. அவர் சொன்னது நியாயம்தான். நியாயமான ஆணைகளால்தான் கதைகளுக்குத் தொல்லை.)

3

அக்காவின் பிரிவில் இருபத்தொரு பேர். அதில் பதின்மூன்று பேர் ஆய்வாளர்கள். கடை கடையாகப் போய்த் தராசு ஒழுங்காக நிறுக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒழுங்காக வேலை பார்க்கிற ஆய்வாளர் பதினொரு மணிக்கு நாற்காலியில் இருக்க மாட்டார். மீதி எட்டுப் பேர்தான் இருப்பார்கள். பாதி என்றால் பதினாறு வேண்டும்.

அக்கா விரல்விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அவர் கணவர் அதே கட்டடத்தில், முதல் தளத்துத் தபால் பிரிவில் இருந்தார். அக்காவின் கணவர் என்பதால் அவர் கட்டடத்துக்கே மாமா. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். ஒரு மணிக்கு அக்கா கீழே இறங்கி வருவார். தபால் பிரிவின் கடைசி மேசையில் டப்பா திறக்கும். அவித்த முட்டையில் மாமாவுக்கு வெள்ளை, அக்காவுக்கு மஞ்சள்.

[அடித்தது: மாமாவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அக்கா கைபிடித்து அழைத்து வராவிட்டால் அவரால்]

அடித்ததை வேண்டுமென்றேதான் விட்டு வைத்திருக்கிறேன். முதல் பிரதியில் மாமாவுக்குப் பார்வை இல்லை. உங்களை அழவைக்க அது சுலபமான வழியாகத் தெரிந்தது. அப்புறம் எனக்கே கூச்சமாகிவிட்டது. மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். பஸ் பிடித்துத் தனியாகப் போய் வரவும் தெரியும். தனியாகச் சாப்பிட மட்டும் பிடிக்காது, அக்காவுக்கும் அப்படித்தான். ஒரு கதைக்கு இது போதுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். போதும் என்றே படுகிறது.

4

அக்கா சுற்றறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அந்தப் பக்கம்னா போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி."

"எத்தனை தலை குறையுது?" என்றார் மாமா.

"எட்டு."

"நானும் எங்க ஆளுங்க எட்டு பேரும் மேல வரோம். எண்ணறவரு ஆறாவது மாடியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா நடந்து இறங்குவாரு. உங்க மாடிய எண்ணிட்டு அவரு நகர்ந்ததும் நாங்க லிஃப்ட்ல இறங்கி எங்க சீட்டுல ஒக்காந்துடறோம். அங்கயும் எண்ணிக்கட்டும்."

"என்னங்க, நான் பாக்கற வேலை என்ன, நீங்க சொல்ற வேலை என்ன?"

"ஒரு வாரந்தானே."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

(இந்த ஒரு வரியில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய தராசுகளை எத்தனையோ முறை கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். எழுதும்போதெல்லாம் "அதெல்லாம் தப்புங்க" என்று மறுத்துவிட்டார், கதையும் அங்கேயே படுத்துவிட்டது. கடைசியில் நான்தான் அவர் வாயை அடைத்தேன். பழி என்மேல்.)

ஒன்றில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆய்வாளர்களைக் கடைக்குப் போகாமல் உட்கார வைக்கலாமே என்று எழுதிப் பார்த்தேன். "கடைய விட முடியாது" என்றுவிட்டார்.

5

எண்ண வந்தவர் கட்டட நிர்வாகத்துக்காரர். கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி வைத்திருந்தார். ஒரு தலைக்கு ஓர் அழுத்து, ஒரு டிக். அதனால் அவருக்கு டிக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை தபால் பிரிவுக்காரர்கள் ஒன்பது பேரும் நான்காம் தளத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பதினேழு டிக். டிக்கு படியில் இறங்கியதும் இவர்கள் லிஃப்டில் பாய்ந்து, முதல் தளத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தார்கள். அங்கே பன்னிரண்டு டிக். திட்டம் பலித்தது.

செவ்வாய்க்கிழமை யாரோ தேநீர் போட்டார்கள். நான்காம் தளத்தில் ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று வரும். மூன்று பேர் கோப்பையோடு பின்தங்கிவிட்டார்கள். முதல் தளத்தில் ஒன்பது டிக்.

புதன்கிழமையிலிருந்து ஒருத்தரும் இறங்கவில்லை.

மாமாவாவது இறங்கியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அக்காவின் அறையில் உட்கார்ந்ததே இல்லை. வந்தால் வாசலில் நின்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போது பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, அக்கா போனில் ஓர் எண்ணெய் வியாபாரியை அதட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தக் குரல் வீட்ல வரவே இல்லையே" என்றார். "வர வச்சுக்காதீங்க" என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருந்தது. கீழே மூன்று பேர் மட்டும் மூட்டை மூட்டையாக வந்த தபாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, நான்காம் தளத்தில் ஏதோ கலகலப்பு என்று கேள்விப்பட்டு ஆய்வாளர்கள் பதின்மூன்று பேரும் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். அவர்களில் மீசை வைத்த ஒருவர் பிஸ்கட் வாங்கி வந்தார். மூன்றாம் தளத்திலிருந்து ஐந்து பேர் எட்டிப் பார்க்க வந்து தங்கிவிட்டார்கள். ஜன்னல் விளிம்பில், மேசை ஓரத்தில் எல்லாம் ஆள்.

(கூட்டிப் பார்த்துவிட்டீர்களா? எட்டு, பதின்மூன்று, ஒன்பது, ஐந்து. முப்பத்தைந்துதான் வருகிறது. ஒருவர் குறைகிறார். எனக்கும் இந்த இடத்தில் அவர் யாரென்று தெரியாது.)

6

ஆணை அடுத்த புதன்கிழமை வந்தது. நான்காம் தளம் தொடரலாம். முதல் தளத்தில் இருபது நாற்காலி, சராசரி ஆறு தலை. தளம் பூட்டப்படும். தபால் பிரிவு மாத முடிவுக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவுக்கோ வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். நாலு பேர் அறியப் பிடிபட்டிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

7

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

முதலாவது, அக்கா பேசாமல் இருப்பது. மாமா பஸ் ஏறுவார், அக்கா நான்காம் தளத்தில் தனியாக டப்பாவைத் திறப்பார்.

இரண்டாவது, உள்ளதைச் சொல்லிவிடுவது. அப்போது முதல் தளம் பிழைக்கும், நான்காம் தளம் பூட்டப்படும், அக்கா பஸ் ஏறுவார். டப்பா இடம் மாறும், அவ்வளவுதான்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான்காம் தளத்தின் கணக்கை மட்டும் திருத்தி, முதல் தளத்தின் பொய்யை அப்படியே விட்டுவிட்டால் இரண்டு பிரிவும் ஒன்றாக அந்தப் பக்கம் போகும். ஸ்கூட்டர், சாப்பாடு எல்லாம் பத்திரம். நான் குஷியாக அரைப் பக்கம் எழுதியும்விட்டேன். ஆனால் ஆய்வாளர்களின் கடைகள் எல்லாம் இந்தப் பக்கம். தபால் பிரிவில் கைக்குழந்தைக்காரர்கள் இரண்டு பேர். "முப்பத்து மூணு பேரு ஆத்தக் கடக்கணுமா, நாங்க ரெண்டு பேரு ஒண்ணா சாப்பிட?" என்றார் அக்கா. இந்த முறை அவர் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

8

அக்கா அடித்தளத்தில் இருந்த டிக்குவின் அறைக்குப் போனார்.

"உங்க கணக்கு தப்பு சார். என்னாலதான்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா எழுதினீங்க?"

"தலைய எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். எந்த மாடித் தலைன்னு கேக்கச் சொல்லலியே." டிக்கு கருவியைத் துடைத்து மேசையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை நானும் ஒரு பிஸ்கட் எடுத்துட்டு ஒக்காந்தேன். ஒக்காந்தவன விட்டுட்டா கணக்கு எப்படி சரியா வரும்? என்னையும் எண்ணிக்கிட்டேன்."

(முப்பத்தாறாவது ஆள் கிடைத்துவிட்டார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரியாது.)

"உங்களுக்கு நிஜமா எத்தனை நாற்காலி வேணும்மா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "எட்டு" என்றார். சொல்லும்போதே மனசு முதல் தளத்துக்கு ஓடியது. அங்கே இருபது நாற்காலி, ஆள் பன்னிரண்டு. மீதி எட்டின்மேல் பைகளும் குடைகளும்தான் உட்கார்ந்திருக்கும். தினமும் சாப்பிட உட்காரும்போது ஒரு பையை எடுத்துக் கீழே வைப்பது அவரேதான்.

அன்று மத்தியானமே கடிதம் எழுதினார். கணக்கு கூடியதற்குத் தானே பொறுப்பு என்பது முதல் பத்தி. தன் பிரிவை முதல் தளத்துக் காலி நாற்காலிகளில் இறக்கிவிட்டு நான்காம் தளத்தைப் பூட்டிக்கொள்ளலாம் என்பது இரண்டாம் பத்தி. டிக்கு படித்துப் பார்த்தார்.

"மொதப் பத்தி இல்லாமயும் எழுதலாம்மா. இத வச்சே உங்களத் தண்டனையா அந்தப் பக்கம் மாத்தினாலும் மாத்துவாங்க."

"மொதப் பத்தி இல்லாம ரெண்டாவது பொய் சார்."

9

அக்கா மாமாவிடம் சொன்னபோது டப்பா திறந்திருந்தது.

"உனக்குத் தனி ரூம் போயிடுமே" என்றார் மாமா. "கதவு, போர்டு எல்லாம்."

"போகட்டும்."

"இங்க நாள் பூரா முத்திரை குத்தற சத்தம் கேக்கும்."

"கேக்கட்டும்."

"வீட்லயும் நீ, இங்கயும் நீ. நான் எங்க போறது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் காலி இருக்காம், போறீங்களா?"

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "உன்ன மட்டும் அனுப்பிட்டாங்கன்னா?" என்றார்.

அக்கா முட்டையிலிருந்து வெள்ளையைப் பிரித்து அவர் பக்கம் வைத்தார். "அனுப்பினா போவேன். உங்கள விட்டுட்டுப் போறது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா எழுதினத மாத்த மாட்டேன்" என்றார்.

10

கடிதம் இயக்குநர் மேசையில் இருக்கிறது. இயக்குநர் விடுப்பில் இருக்கிறார். விடுப்பில் அனுப்பியது நான்தான். இருந்தால் அவர் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கதையை முடித்துவிடுவார்.

நானும் போடக் கூடாது. ஒரு மாதமாக இவர்களோடு உட்கார்ந்து எழுதியதில் நான் இவர்களுக்கு வேண்டியவனாகிவிட்டேன். என் கையில் பேனாவைக் கொடுத்தால் முதல் பத்தியைப் படிக்காமலே அனுமதித்துவிடுவேன். அது அக்காவுக்குப் பிடிக்காது.

மிச்சம் இருப்பது நீங்கள். அந்த விளக்குக்கும் குளிருக்கும் பணம் கொடுக்கிறவர் நீங்கள். ஏமாற்றப்பட்டவரும் நீங்கள்தான். கடிதத்தின் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, "அனுமதிக்கலாம்." மற்றது, "கண்காணிப்பாளரை மட்டும் இடம் மாற்றலாம்." ஒன்றில்தான் கையெழுத்துப் போட முடியும்.

இப்போது மணி ஒன்றே கால். முதல் தளத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரமில்லை. முதல் பத்தியை விடாமல் படித்துவிட்டுப் போடுங்கள்.