வடக்கே போகாத புட்டி

சாப்பிட பரிட்டோ ரொட்டிச்சுருள் எடுக்கக் குளிர்பெட்டிக்குள் கைவிட்ட டெல்ஃபினாவின் விரலில் கண்ணாடி இடித்தது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. குமட்டலை அடக்க அவள் எடுத்துக்கொள்ளும் கஞ்சா எண்ணெய்ப் புட்டி.

"ராமிரோ, இத யாரு இங்க வச்சது?"

"நான்தான்." வண்டி ஓட்டிக்கொண்டே அவள் கணவன் சொன்னான். "போன தடவை ஆல்பகர்க்கி ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திக்கிட்டு வர்றப்ப வழியெல்லாம் வாந்தி எடுத்தியே. என்னால பாக்க முடியலடி."

"வடக்கே போறப்ப கொண்டுவராதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"உன்கிட்ட நோயாளி அட்டை இருக்கு. அட்டை இல்லாதவனே கடையில போய் வாங்கலாம். அப்புறம் என்ன?"

அவன் சொன்னதில் தப்பில்லை. நியூ மெக்சிகோவில் இருபத்தொரு வயதானவர் யாரும் சும்மா பொழுதுபோக்குக்கே கஞ்சா வாங்கலாம். நோயாளி அட்டை இருந்தால் அதற்கான வரியும் இல்லை. ஆனால் மாநிலச் சட்டம் மாநிலப் போலீஸை மட்டும்தான் கட்டுப்படுத்தும். லாஸ் குரூசெஸிலிருந்து ஆல்பகர்க்கி போகும் நெடுஞ்சாலையில் சாவடி போட்டிருப்பவர்கள் மத்திய அரசின் எல்லைக் காவலர்கள். மத்தியச் சட்டத்துக்கு அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். இதில் வேடிக்கை, சாவடி வடக்கே போகும் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இதே புட்டி ஆல்பகர்க்கியிலிருந்து தெற்கே வந்தால் கேட்க ஆளில்லை.

டெல்ஃபினா அமெரிக்கக் குடிமகள். அவளிடம் கிடைத்தால் பெரும்பாலும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ராமிரோ மெக்சிகோவின் சிவாவாவில் பிறந்தவன், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்காரன். குடியுரிமை நேர்காணல் அடுத்த மாதம். வழக்கோ தண்டனையோ வேண்டாம். 'என்னுடையது' என்று அதிகாரியிடம் அவன் ஒப்புக்கொண்டாலே போதும், நேர்காணல் அன்று அது அவன் கழுத்தைப் பிடிக்கும். நாட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அதைவிட அவளைக் கலக்கியது அவன் குணம். கடையில் அவள் ஜாடியை உடைத்தால், "நான்தான் தட்டிட்டேன்" என்பான். பக்கத்து வீட்டு வேலியில் அவள் காரை இடித்ததற்கு அவன்தான் போய் மன்னிப்புக் கேட்டான்.

"திரும்பிடு."

"எங்க திரும்புறது? கடைசி வெளிவழி போயிருச்சு."

"வெளிய வீசிடவா?"

"கேமரா இருக்கு, டெல்ஃபினா."

சாவடியின் ஆரஞ்சுக் கூம்புகள் தொடங்கின. வரிசையில் ஒரு காவலர் மோப்ப நாயைப் பிடித்தபடி வந்தார். டெல்ஃபினா பெட்டியை மடியில் எடுத்து இறுக்கிக்கொண்டாள்.

"நான் பேசிக்கிறேன். அவங்க என்ன கேட்டாலும் நீ ஊமை. பொய்யும் சொல்லாத, உண்மையும் சொல்லாத. புரியுதா?"

"வச்சது நானாச்சே."

"ஐயோ, வாயை மூடுய்யா!"

நாய் அவள் பக்கக் கதவை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"வண்டியில ஏதாவது இருக்கா மேடம்?"

"இருக்கு. எண்ணெய். என்னுது. எனக்குப் புத்துநோய்." புட்டியை எடுத்து அவள் நீட்டினாள்.

காவலர் வாங்கிப் பார்த்தார். ராமிரோவின் பச்சை அட்டையையும் வாங்கினார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இத பெட்டியில வச்சது யாரு?" என்றார்.

ராமிரோவின் உதடு பிரிந்தது. 'நான்தான்' என்பதன் முதல் எழுத்து அவன் நாக்கில் ஏறிவிட்டதை டெல்ஃபினாவால் பார்க்க முடிந்தது.

"பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்ல சார்," என்றான் ராமிரோ. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. காவலர் அட்டையை எடுத்துக்கொண்டு சாவடி அறைக்குள் போய்க் கணினியில் எதையோ தட்டினார். வெளியே வந்து அட்டையை மட்டும் கொடுத்தார்.

"போங்க."

வெகுதூரம் போன பிறகு ராமிரோ கேட்டான்: "என் பேரைப் பதிஞ்சிருப்பாங்களா?"

"தெரியலய்யா."

சாயங்காலம் மருந்து ஏறி முடிந்ததும் டெல்ஃபினாவுக்குக் குமட்டத் தொடங்கியது. ஆல்பகர்க்கியில் பச்சைச் சிலுவைப் பலகை மாட்டிய கஞ்சாக் கடையை ராமிரோ தாண்டப் போனான்.

"நிறுத்து. எதிர்ப்பக்கம் நிறுத்து. நீ இறங்காத."

"உன்னால நடக்க முடியாதுடி."

"இறங்காதன்னேன்."

ஓரத்து விளக்குக் கம்பத்தைப் பிடித்துக் கொஞ்சம் நின்றுவிட்டு அவள் சாலையைக் கடந்தாள். கடை வாசலில் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ராமிரோ, யாரும் கேட்காமலே, போலீஸ் நிறுத்தினால் வைப்பதுபோல இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி ஸ்டியரிங்மேல் வைத்து உட்கார்ந்திருந்தான்.