மகள் படுக்கும் அறை

மகள் பாஞ்சாலையின் தலைப்பிரசவம் தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று முத்தம்மா ஒற்றைக்காலில் நின்றாள். குறுக்கே நின்றவர் சம்பந்தி சக்கரவர்த்தி. அவரும் இதே ஜவ்வாது மலையில் பிறந்தவர்தான். ஒடுகத்தூருக்கு இறங்கி ஓட்டு வீடு கட்டிப் பத்து வருஷமாகிறது. "புல்லுக் கூரை, கட்டிலுக்கு அடியில நெருப்புச் சட்டி. இதுல பச்சப் புள்ளையா? நேர்ல வந்து பாப்பேன். சரியில்லன்னா மருமவளக் கையோட இட்டுக்கினு போய்டுவேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

போதாதா முத்தம்மாவுக்கு? வீட்டையே புரட்டிப் போட்டாள். மார்கழிக் குளிருக்குக் கட்டிலடியில் தணல் வைப்பது மலையில் காலங்காலமான வழக்கம். அந்தச் சட்டி வாசலுக்குப் போனது. மூங்கில் தட்டியில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கு மண்சுவர் மாடத்துக்கு மாறியது. படுத்தபடி பீடி பிடிக்கும் புருஷன் கருப்பனைத் தோட்டத்துப் பாறைக்குத் துரத்தினாள்.

"குளுருதுடி!"

"கம்பளி போத்திக்கினு பிடிய்யா. எம்பொண்ணு இங்க இருக்கணுமா, வாணாவா?"

கருப்பன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறைக்கு நடந்தார், பாவம்.

சக்கரவர்த்தி காலையிலேயே மலையேறி வந்துவிட்டார். குனிந்து கட்டிலடியைப் பார்த்தார். மாடத்தைத் தடவினார்.

"குளுருக்கு இன்னாம்மா பண்ணுவ?"

"சொம்புல வெந்நி ஊத்தி, துணி சுத்தி, காலண்ட வெப்பேன்ணா. கம்பளி ரெண்டு கீது."

குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முத்தம்மாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். மனிதர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முற்றத்தில் நின்று ஒரு பீடி பற்றவைத்தார். பிறகு மருமகளிடம் சொல்லிக்கொள்ள அறை வாசலுக்கு வந்தார்.

"யம்மா, பொகை வருது!" உள்ளேயிருந்து பாஞ்சாலை அலறினாள்.

வாசலுக்கு மேலே கூரைப்புல் கருகிக்கொண்டிருந்தது. முத்தம்மா யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஒரே வீச்சு! நெருப்பு அணைந்தது. சம்பந்தி தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். அவர் தோளில் ஒரு பாதிப் பீடி வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கருப்பன் இரண்டு கையையும் தூக்கினார். "சத்தியமா என்து இல்ல!"

போச்சு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று முத்தம்மாவுக்கு அழுகை முட்டியது.

சக்கரவர்த்தி அந்தப் பீடியை எடுத்துப் பார்த்தார். "என்துதாம்மா. இங்க இருந்தப்போ பாதிப் பீடியக் கூரையிலதான் செருகி வெப்போம். ஓட்டு வூட்டுக்குப் போயும் இந்தக் கை மறக்கல."

அவர் முகத்தை வழித்துக்கொண்டார்.

"பாஞ்சால இங்கயே பெத்துக்கட்டும்மா. எங்க வூட்ல இந்தக் கையோட நான்ல இருக்கேன்!"

முத்தம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்தபடியே அவருக்கு உலர்ந்த வேட்டி தேடப் போனாள்.