காம்பு கிள்ளிய வெற்றிலை

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசக் கூடாது, ஆனிக்குள் நிச்சயத்தை முடித்துவிட வேண்டும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். ஆலங்குளத்துக்காரர்கள். சரி, தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றால், குற்றாலத்தில் வைத்துக்கொள்ளலாமே, வருகிறவர்கள் அப்படியே குளித்துவிட்டும் போகலாம் என்று பதில் வந்தது. என்னைப் பார்க்க வருகிறார்களா, அருவியைப் பார்க்க வருகிறார்களா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அந்த எண்பத்திரண்டாம் வருஷம் என் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. அக்கா மகள் பேராச்சி ஆய் போக மாட்டேன் என்கிறாள்.

எனக்கு அப்பா அம்மா கிடையாது. அக்கா ஆவுடைத்தாயும் அத்தான் நெல்லையப்பனும்தான் எல்லாம். பேராச்சிக்கு இரண்டரை வயது. ஒரு நாள் இறுகிப்போய் வலித்துவிட்டது. அன்றிலிருந்து, வருகிற நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கிக்கொண்டு நிற்பாள். கேட்டால் "வல்ல" என்பாள். அத்தான் போலீஸ்காரர். சீசன் டூட்டியில் அவர் ஒரு விசில் கொடுத்தால் மெயினருவியே காலியாகிவிடும். அந்த வீரமெல்லாம் வீட்டில் செல்லவில்லை. மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, இப்படித்தான் என்று அவரே முக்கிக் காட்டினார். அவள் கை தட்டினாள்.

வாழைப்பழம் கொடு, உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டுக் கொடு என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி வெற்றிலைக் காம்பு என்றாள். பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைக்கிற வைத்தியம். அக்காதான் செய்தாள், நான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குப் போய்விட்டாள். தெருவே வைத்தியத்தை மெச்சியது. பேராச்சி மட்டும் மெச்சவில்லை.

அதன் பிறகு அவள் அக்காவிடம் போவதே நின்றுபோனது. கையைப் பிடித்த என்னை மன்னித்துவிட்டாள், காம்பைப் பிடித்த அம்மாவை மன்னிக்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்தால், பாவாடையை இரண்டு கையாலும் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வாள். சோறு நான் ஊட்ட வேண்டும், தூக்கம் அத்தான் தோளில். வெற்றிலை கண்ணில் பட்டாலே அலறல். அடக்குவதும் முன்னைவிட மோசமாகிவிட்டது.

"இளகுததுக்கு மருந்து தாரேன். பயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல, அத நீங்கதான் போக்கணும்" என்றார் டாக்டர். அக்கா அடுக்களையில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு ஓடினால் யாருக்குத்தான் தாங்கும்? எனக்கு அந்தத் தெருவையே நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது.

இந்த நிலையில்தான் நிச்சயம் வந்தது. குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலையிலேயே வேனில் வந்து இறங்கி, எங்களைக் கும்பிட்ட கையோடு துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். அக்கா அடுக்களையில் இருந்தாள். நான் பட்டுச்சேலையில் உள் அறையில் அடைந்து கிடந்தேன். கூடத்தில் தாம்பூலத் தட்டில் வெற்றிலையை அடுக்கி, பேராச்சி பார்க்காதபடி துண்டு போட்டு மூடியிருந்தோம்.

அலறல் கேட்டு ஓடினேன். துண்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு எதிரே ஈரத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் பார்த்த முகம். மாப்பிள்ளை குற்றாலிங்கம், மற்றவர்களுக்கு முன்னால் திரும்பி வந்திருக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

"குத்தும்" என்று தட்டைக் காட்டினாள்.

"வெத்தலையா குத்தும்?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, தொடாமல், காம்பைக் காட்டினாள். அவர் ஒன்றும் புரியாமல் என் பக்கம் பார்த்தார். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் பேசிய முதல் பேச்சு அதுவாக அமைந்தது என் தலையெழுத்து.

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி ஜன்னல் வழியாக எறிந்தார். மதில் மேல் இருந்த குரங்கு பாய்ந்து எடுத்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு போட்டுவிட்டுப் போனது. பேராச்சி அழுகையை நிறுத்தினாள்.

"இப்ப குத்துமா, தொட்டுப் பாரு."

ஒற்றை விரலால் தொட்டாள். "குத்தாது." பிறகு அவளே ஒன்றை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காம்பைக் கிள்ளினாள். அப்புறம் இன்னொன்று. ஜென்மப் பகையைத் தீர்க்கிற மாதிரி இருந்தது.

"அது தாம்பூலத்துக்கு வச்சது" என்றேன்.

"தெரியும்."

"காம்பு இல்லாம மாத்த மாட்டாவ."

"ஒண்ணு மிச்சம் இருந்தாலும் இவ நம்ப மாட்டாளே" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. அடுக்களைப் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

அருவிக்குப் போனவர்கள் திரும்பி, தலை துவட்டி, சட்டை மாற்றி, பாயில் உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா தளவாய் தட்டைப் பார்த்தார். "என்னவே இது, எல்லாம் மொட்டையா இருக்கு? காம்பில்லாத வெத்தலைய மாத்துனா குடும்பம் விளங்குமா? யாரு செஞ்சது?"

குற்றாலிங்கம் வாயைத் திறப்பதற்குள், "நான்" என்றாள் பேராச்சி, பெருமையாக.

அக்கா அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். தங்கை கல்யாணம் தன் மகளால் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கை ஓங்கிவிட்டாள். பேராச்சி இந்தத் தடவை சுவரோடு ஒட்டவில்லை. கையிலிருந்த மொட்டை வெற்றிலையை நீட்டி, "அம்மா, குத்தாது" என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பேராச்சியின் முகம் மாறியது. கால் பின்னிக்கொண்டது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கோலம். கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் விரலைப் பிடித்து, "ஆய்" என்றாள்.

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அத்தான் ஓடிப்போய்ப் புது வெற்றிலை வாங்கி வந்தார். மணி பத்தேகாலைத் தாண்டிவிட்டது. "தட்டு வாங்க வீட்டுப் பொம்பள வேண்டாமா, கூப்பிடும்" என்று தளவாய் நெருக்கினார். அத்தான் கொல்லை வாசலில் நின்று தயங்கித் தயங்கி, "ஏளா, நேரம் போவுது" என்றார்.

"போகட்டும். இங்க வருது" என்று பதில் வந்தது.

அத்தான் ஒரு நொடி யோசித்தார். பிறகு வாசலை மறைத்துக் கையை விரித்துக்கொண்டு, "யாரும் இந்தப் பக்கம் வரப்படாது" என்றார், அசல் டூட்டிக் குரலில். சம்பந்தி வீட்டார் இரண்டடி பின்வாங்கினார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தேன். சாரலில், பட்டுச்சேலை சேற்றில் புரள, அக்கா குத்தவைத்திருந்தாள். எதிரே பேராச்சி, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு. "அம்மா ஒண்ணும் செய்யல. அம்மா சும்மாதான் இருக்கேன்" என்று மட்டும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளை எழுந்து, திரும்பிக் குனிந்து பார்த்தாள். இதுவா என்பது போல முழித்தாள்.

"வலிக்கல" என்றாள்.

அக்கா சிரித்தாளா அழுதாளா தெரியாது. நான் அழுதேன். மை வழிந்து பட்டுச்சேலையில் விழுந்தது.

அதற்குள் ராகு காலம் வந்து உட்கார்ந்துவிட்டது. "இப்பிடி ஒரு காரணத்துக்கு நேரம் தள்ளிப்போனத நான் கேள்விப்பட்டதே இல்ல" என்று முனகிவிட்டுத் தளவாய் துண்டை எடுத்தார். எல்லோரும் இன்னொரு தரம் அருவிக்குப் போனார்கள்.

மதியம் தட்டு மாற்றினோம். புது வெற்றிலையில் காம்பு நீளநீளமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பேராச்சி அதைப் பார்த்தாள். பயந்துதான் போனாள். ஆனால் என்னிடம் வரவில்லை, அத்தானிடம் ஓடவில்லை. அம்மா இடுப்பில் இருந்தபடியே அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தளவாய் தட்டை நீட்டினார். அத்தான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அக்கா ஒரு கையை மட்டும் தட்டில் வைத்தாள். தாம்பூலத்தை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது, பிள்ளையை இறக்கிவிடம்மா என்று யாரோ சொன்னார்கள். அக்கா காதில் வாங்கவே இல்லை.