டியர்லெஸ் என்ற சொல்லுக்கு உதாரணம்

தேர்வு எழுதுகிறவர்களுக்கான ஆங்கிலச் சொற்கோவையில் ‘லெஸ்’ என்று முடியும் சொற்களின் பக்கம் பிழை பார்க்கப்பட்ட அன்று அச்சகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அவர்களில் ஒருவருக்கு நிழல் இல்லை. முதலாளி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சுழல்நாற்காலியில் இருந்தார். பைண்டர் வெட்டாத காகிதக் கட்டின் மேலும், மெஷின்காரர் கதவோரத்து முக்காலியிலும். நடுவில் நீள மேசையில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே. அக்கா மூலப்படியை உரக்கப் படிப்பாள். தங்கை அச்சான தாளில் சரிபார்த்துக்கொண்டே போவாள். உதாரண வாக்கியங்களை எழுதியதும் தங்கைதான்.

உதாரணத்தில் வருகிற ஆள் அந்த அறையில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அச்சகத்தின் வழக்கம். முன்பு ஒரு பதிப்பில் ‘மூன்றாம் தெரு பல் டாக்டர் பேராசைக்காரர்’ என்று கற்பனையாகப் போட்டுவிட, மூன்றாம் தெருவில் நிஜமாகவே இருந்த பல் டாக்டர் வக்கீலோடு வந்து நின்றார். “நம்மளை நாமே திட்டிக்கிட்டா எவன் வந்து கேஸ் போடுவான்?” என்று முதலாளி அன்றோடு முடிவு செய்தார். ஆகவே ‘ஷேடோலெஸ், நிழலில்லாத’ என்பது பைண்டருக்குப் போனது. ‘எண்ட்லெஸ், முடிவில்லாத’ மெஷின்காரரின் பேச்சுக்கு. ‘ஃபியர்லெஸ், அச்சமில்லாத’ முதலாளிக்கு, கொஞ்சம் ஐஸ் வைப்பதற்காக. அக்கா படிக்கப் படிக்க அதது அப்படியே ஆனது. மெஷின்காரர் அன்று சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கதை இன்னும் கடைக்குப் போய்ச் சேரவில்லை. முதலாளி இருபுறமும் பார்க்காமல் சாலையைக் கடந்து, லாரியில் அடிபட்டு, மாவுக்கட்டோடு மறுபடியும் அதே மாதிரி கடந்தார். பைண்டர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “அது இருந்தப்ப மட்டும் எனக்கு என்ன சம்பாதிச்சுக் குடுத்துச்சு?” என்றார்.

‘டியர்லெஸ், கண்ணீரில்லாத’ என்ற சொல்லுக்குத் தங்கை எழுதியிருந்தது: என் அக்கா கண்ணீரில்லாதவள். அன்று காலையில்தான் அக்கா அம்மாவிடம் அழுது, ஜன்னல் வைத்த அறையைத் தனக்கென்று வாங்கியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதுவென்றாலும் அக்கா அழுவாள், அது அவளுக்குக் கிடைத்துவிடும். அந்த வரி வந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “ஏண்டி, குத்திக் காட்டுறியா?” “உதாரணம்தானே, படி” என்றாள் தங்கை. அக்கா படித்தாள்.

பிறகு அக்கா ஒரு கைக்கடிகார மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு தெருவுக்குப் போனாள். போகும்போது அழவில்லை, வளர்ந்துவிட்டாள் என்றார்கள். வெங்காயம் அரிந்தபோதும் கண் கலங்கவில்லை. கொடுத்து வைத்தவள் என்றார்கள். மெக்கானிக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்தபோது அக்கா உடலருகே உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். “கல்லு மாதிரி இருக்கா பாருங்க” என்று மாமியார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். நாத்தனார் அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டாள். அவள் மகள்தான் ஒருநாள், “அம்மா, உனக்கு அப்பாவைப் பிடிக்காதா?” என்று கேட்டுவிட்டாள், அதன்பின் அவள் அம்மா பக்கத்தில் படுப்பதில்லை. அக்கா இதைத் தங்கையிடம் வந்து சொன்னாள். “தொண்டை வரைக்கும் வருதுடி. அங்கேயே நின்னுடுது. ஒரே ஒரு தடவை அவ கண்ணு முன்னாடி அழுதுட்டேன்னா போதும்.” தங்கை டீ போட எழுந்து போனாள். அடுப்படியில் நின்று, அக்காவுக்கும் சேர்த்து அவளே அழுதாள்.

வழி தெரியாமல் இல்லை. முதலாளியின் மனைவி மாவுக்கட்டுச் செலவு தாளாமல் அடுத்த பதிப்பில் ‘ஃபியர்லெஸ்’ வரியில் கணவர் பெயரை அடித்துத் தன்னைப் போட்டு, மேசையில் உட்கார்ந்து படிக்கச் சொன்னாள். அன்றே முதலாளி சாலையோரத்தில் அரைமணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றார். அந்தம்மாள் தெரு நாய்களை அதட்டிக்கொண்டு நடந்தாள். ஆள் மாறினால் போதும், வரி காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இது தங்கை கண்ணெதிரே நடந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பதிப்புகளை அவள் சும்மா போகவிட்டாள். கல்யாணமாகி வெளியூர் வந்துவிட்டேன், அந்த மேசையோடு எனக்கென்ன என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பைண்டர் பெயரைப் போடலாமா என்றுகூட ஒருமுறை யோசித்தாள். நிழலைக் கொடுத்தவர் கண்ணீரையும் கொடுப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் அழுதாள். அழுது முடித்தால் மனது லேசாகிவிடும், மறுநாள் வேலை பார்க்கலாம். அவளிடம் இருந்த ஒரே மருந்து அதுதான்.

அக்கா மகள் அப்பாவைப் பெற்ற பாட்டி வீட்டோடு போய்விடப் போவதாகச் செய்தி வந்த அன்று தங்கை அச்சக முதலாளிக்குக் கடிதம் எழுதினாள். ஐயாவுக்கு வணக்கம், இப்பவும் ‘டியர்லெஸ்’ என்ற சொல்லுக்கு நேரே உள்ள உதாரணத்தில் அக்காவை எடுத்துவிட்டு என்னைப் போடவும், நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவள்தான், கண்டிப்பாக உரக்கப் படிக்கவும், வீட்டில் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் என் அன்பு. பிறகு, குழாயில் தண்ணீர் நிற்கப்போகிற நாளில் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி வைப்பதுபோல, உட்கார்ந்து அழுதாள். இனி வரப்போகிற சாவுகளுக்கும், அக்கா மகளின் கல்யாணத்துக்கும், அக்கா உண்மை தெரிந்து திட்டப்போவதற்கும் சேர்த்து அழுதாள். தபால் அலுவலகம் வரைக்கும் அது நிற்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் உறையை எடைபோட்டார். “யாராவது தவறிட்டாங்களாம்மா?”

“இல்ல சார். இது போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் அழ முடியாது. அதான் இப்பவே.”

அவர் தலையாட்டினார். சாதாரணத் தபால் என்றால் இன்னும் நான்கு நாள் கிடைக்கும் என்றார். அவள் விரைவுத் தபால் என்றாள். அவர் பசையை நீவி உறையை ஒட்டி, முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்.