மேல் பாதி பழையது

வெர்னா கெஸ்லர் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்தாள். கென்டக்கி மலைப்பக்கத்தில், பெல்ஃபோர்ட் மாதிரி ஓர் ஊரில், பெண்ணொருத்தி அப்படிக் கடை வைத்தால் முதல் இரண்டு வருஷம் ஆட்கள் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள். அப்புறம் மான் வேட்டைத் துப்பாக்கிகளோடு வர ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நாலு வருஷம் ராணுவ ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவள் அவள். பழுதாகி வருகிற 'நாற்பத்தைந்து' என்கிற ரகப் பிஸ்டல்களைப் பிரித்து, மறுபடி பூட்டி, சரிபார்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பிஸ்டலைப் பற்றி மாவட்டத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வெர்னாவிடம்தான் வருவார்கள். ஷெரிஃப் டாலிவரும் அப்படித்தான் வந்தார், போன ஆகஸ்டில்.

மருந்துக்கடை லேத்தமை யாரோ பின்னாலிருந்து மண்டையில் அடித்துப் போட்டுவிட்டு, கல்லாவையும் மேஜை இழுப்பறையில் இருந்த அவருடைய பிஸ்டலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முதல் யுத்தத்தில் அவர் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பிஸ்டல் அது. மூன்று வாரம் கழித்து, க்ளெல் மேகர்ட் என்ற சுரங்கத் தொழிலாளியின் லாரியில், இருக்கைக்கு அடியில் ஒரு நாற்பத்தைந்து கிடைத்தது. கைரேகை அழிந்துவிடக் கூடாதென்று பிடியையும் விசையையும் கைக்குட்டையால் சுற்றி டாலிவர் எடுத்து வந்திருந்தார். மேல் பாகம் மட்டும் வெளியே தெரிந்தது, எண்ணெயும் நிலக்கரித் தூசியும் அப்பிக்கொண்டு.

"லேத்தம் தன்னோடதுதான்னுட்டார், மிஸ் வெர்னா. நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லிட்டா எழுதிக்குவேன்."

கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். வெர்னா அந்த மேல் பாகத்தின், ஸ்லைடின், இடது பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பழைய காலக் காப்புரிமைத் தேதிகள் இரண்டு வரிசையாக வந்தன.

"முதல் யுத்தத்து மாடல்தான்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. க்ளெல் அன்றிலிருந்து ஜெயிலில் இருந்தான். 'பட்டாளத்துல கூட இருந்தவன்கிட்ட வாங்கினேன்' என்று அவன் சொன்னதற்குச் சீட்டு எதுவும் இல்லை. விற்றவன் கொரியாவில் செத்துப்போயிருந்தான்.

இப்போது ஏப்ரல். அரசு வக்கீல் ப்ரூவருக்கு ஒரு யோசனை வந்தது. ஜூரிகளுக்கு முன்னால் வெர்னா பிஸ்டலைப் பிரித்துக் காட்டினால் எடுபடும். அதற்காக விசாரணையன்று காலை, குமாஸ்தா அறையில் அவளுக்கு இருபது நிமிஷம் கொடுத்தார்கள். கைக்குட்டை இல்லாமல் அந்தப் பிஸ்டலை அவள் பார்த்தது அப்போதுதான்.

தூசியைத் துணியால் துடைத்தாள். குழலுக்குக் கீழே இருந்த மூடியை அமுக்கி, முனை வளையத்தைத் திருப்பினாள். எகிறப் பார்த்த ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பொருத்தி, குறுக்கு ஊசியைத் தள்ளியதும் மேல் பாதி முன்பக்கமாகக் கழன்று வந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. கண்தான் நின்றுவிட்டது.

விசைக்குப் பின்னால், இரண்டு பக்கமும், விரல் பதிகிற மாதிரி பிறை வடிவில் இரும்பு செதுக்கப்பட்டிருந்தது. முதல் யுத்தத்துப் பிஸ்டலில் அது கிடையாது. லேத்தம் பட்டாளத்திலிருந்து திரும்பி ஐந்தாறு வருஷம் கழித்து மாடலை மாற்றினபோதுதான் அது வந்தது. விசை குட்டையாக இருந்தது. அதுவும் பிந்தியது. அடிப்பாதி முழுக்கப் பிந்தியதுதான். மேல் பாதி மட்டும் பழையது.

ஸ்லைடை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மங்கின பச்சைச் சாம்பல் நிறம், வெளியேயும் உள்ளேயும். அந்த நிறத்தை அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கிடங்கில், துருப்பிடிக்காமல் இருக்க, பாகங்களைக் கொதிக்கும் ரசாயனத் தொட்டியில் கூடை கூடையாக முக்கி எடுத்தால் வருகிற நிறம். அங்கே எது பழசு எது புதுசு என்று யாரும் பார்த்ததில்லை. பொருந்தினால் பூட்டு, பூட்டினால் அனுப்பு. இந்த மாதிரி கலப்படப் பிஸ்டல்கள் அவள் கையாலேயே ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன.

ஸ்லைடைத் துணிமேல் வைத்துவிட்டு, ப்ரூவரைக் கூப்பிடச் சொன்னாள்.

ப்ரூவர் உள்ளே வந்ததும் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"மேல் பாதி பழசுதானேம்மா?"

"பழசுதான். ஆனா அது..."

"போதும். 'மேல் பாதி எந்தக் காலத்தது'ன்னு கேப்பேன். பதில் சொல்லுங்க. கேக்காததுக்கெல்லாம் யாரும் உங்ககிட்ட பதில் கேக்கலை."

"அப்போ அடிப்பாதி?"

"லேத்தமோட மேல் பாதியைக் கழட்டி இவன் தன்னோடதுல மாட்டியிருப்பான். நீங்களே சொல்றீங்களே, எதுல வேணா எது வேணா பொருந்தும்னு." கதவைத் திறக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "மண்டையில பதினாலு தையல் போட்டுக்கிட்டவரு முன்வரிசையில உக்காந்திருக்காரு. அவரைப் பாத்துட்டுப் பேசுங்க."

சாட்சிக் கூண்டிலிருந்து வெர்னா அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் வலியில் துடித்தபோது, பனியில் நடந்தே மருந்து கொண்டுவந்து கொடுத்தவர் லேத்தம். இரண்டாவது வரிசையில் ஷெரிஃப். அந்தப் பக்கம் க்ளெல், யாருடையதோ கோட்டைப் போட்டுக்கொண்டு. முப்பத்தொரு வயதுக்காரன், நாற்பது மாதிரி இருந்தான்.

பிரித்துக் காட்டினாள். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ப்ரூவர் கேட்டார்:

"இந்த மேல் பாகம் எந்தக் காலத்தது?"

"முதல் யுத்தத்துக் காலம்."

"வேற கேள்வி இல்லை."

க்ளெலுக்காக நீதிமன்றம் அமர்த்தியிருந்த இளம் வக்கீல் எழுந்து, தாளைப் புரட்டி, "எனக்கும் இல்லை," என்று உட்கார்ந்துவிட்டான். எதைக் கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க போகலாம், மிஸ் கெஸ்லர்," என்றார் நீதிபதி.

வெர்னா எழுந்தாள். ஒரு படி இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடை, ஷெரிஃப் தருகிற வேலை, 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, அப்பவே சொன்னோம்' என்று காத்திருக்கிற வாய்கள், எல்லாம் ஒரே சமயத்தில் தலைக்குள் ஓடின.

"ஐயா, ஆகஸ்டுல நான் சொன்னது தப்பு."

ப்ரூவர் துள்ளி எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "மேல வாங்கம்மா. என்ன தப்பு?"

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். பிறை வெட்டு, குட்டை விசை, தொட்டி, நிறம். ப்ரூவர் தன் 'மாட்டியிருப்பான்' கதையைச் சொன்னார்.

"லேத்தம் ஐயாவோட மேல் பாதியா இருந்தா இந்த நிறத்துல இருக்காதுங்க. முதல் யுத்தத்துல இந்தச் சாயமே கிடையாது. கிடங்குத் தொட்டிக்குள்ள போனாத்தான் வரும். அந்த ரெண்டாம் யுத்தத்துச் சமயத்துல லேத்தம் ஐயா பிஸ்டல் அவர் மேஜைக்குள்ளதானே இருந்துச்சு?" இப்போதுதான் அவரைப் பார்த்தாள். "உங்களுது என்ன நிறம்னு அவரையே கேளுங்களேன்."

நீதிபதி லேத்தமை அழைத்தார். அவர் மெதுவாக எழுந்து வந்து, ஸ்லைடை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னோடது கரு நீலம்," என்றார். "ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைப்பேன். மொகம் தெரியும்." இன்னொரு தரம் பார்த்தார். "இது என்னோடது இல்ல."

"அப்போ ஷெரிஃப்கிட்ட உங்களுதுன்னு ஏன் சொன்னீங்க?"

"கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன் ஐயா. ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. 'வெர்னாகிட்டயும் காட்டிக்கிறேன்'னார். அவ பாத்துச் சொல்லிட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

லேத்தம் சொல்லிவிட்டாரென்று வெர்னா சொன்னாள். அவள் சொல்லிவிட்டாளென்று லேத்தம் இருந்துவிட்டார். பிஸ்டலை யாருமே பார்க்கவில்லை.

ஜூரிகள் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். லாரியில் கிடைத்த பிஸ்டலைத் தவிர க்ளெலுக்கு எதிராக வேறெதுவும் இல்லை. நிரபராதி என்றார்கள். ப்ரூவர் தாள்களை அள்ளிக்கொண்டு அவளைப் பார்க்காமல் போனார். டாலிவர் தொப்பியைத் தொட்டுவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் ரிப்பேருக்கென்று எதையும் அனுப்பவில்லை. அடித்தவன் யாரென்று கடைசிவரை தெரியவும் இல்லை.

வாசலில், படிக்கட்டில், லேத்தம் அவள் முழங்கையைப் பிடித்தார். "நான் ஒழுங்காப் பாத்திருக்கணும்," என்றார். "நானும்தான்," என்றாள்.

க்ளெல் மனைவியோடு இறங்கி வந்தான். அவள் அவன் முதுகில் லேசாகத் தள்ளினாள். வெர்னாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நன்றி சொல்லச் சொல்றா," என்றான். "எனக்கு வரலைங்க. எட்டு மாசம். சின்னவ பொறந்ததை நான் பாக்கலை. ஒரு தடவை அந்தக் கைக்குட்டையை அவுத்துப் பாத்திருக்கலாமில்ல?"

"பாத்திருக்கணும்," என்றாள் வெர்னா. "கடையில ஆளுங்க நின்னாங்க. அவசரம். வேற காரணம் எதுவும் இல்ல."

இப்படி ஒரு பதில் வருமென்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. பிறகு தலையை ஒரு தரம் அசைத்துவிட்டு, மனைவி நீட்டிய குழந்தையை வாங்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, லாரி நின்ற பக்கம் நடந்தான்.