வழிக்கு நாலு துண்டு

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்தால் எங்கள் வீடே பொய் சொல்லத் தொடங்கிவிடும். குழந்தைகள் நல அலுவலகத்து மேடம் நாலு மணிக்கு வருவார். அதற்குள் அலமாரிக் கதவில் விழுந்த ஓட்டையை மறைத்து அழுக்குக் கூடையை நகர்த்தி வைப்பேன். என் கையில் இருக்கும் பல் தடங்களுக்கு முழுக்கைச் சட்டை. கடைசியாக அணிலின் தலையணை உறைக்குள் கைவிட்டு, அவள் சேர்த்து வைத்திருக்கும் காய்ந்த ரொட்டித் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போடுவேன். வீட்டில் சோறு போடுவதில்லையோ என்று மேடம் நினைத்துவிட்டால் என்ன செய்வது?

அணில் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஏழு வயது. எங்களுக்கு முன் மூன்று வீடுகள் பார்த்துவிட்டவள். பதினோரு மாதங்களுக்கு முன் அலுவலகம் அவளை வளர்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்தது. தட்டில் இருப்பதில் பாதியைத் தின்று பாதியை ஒளித்து வைப்பாள், அதனால்தான் அந்தப் பெயர். என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டாள். "ஏங்க" என்பாள், கட்டிக்கொண்டவள் போல.

"என்னையே நீ ஒரு நாள் இப்படிக் கூப்பிட்டதில்ல" என்று என் கணவர் சிரிப்பார்.

சிரிக்கிற நாட்கள் குறைவு. மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு வெறி வந்துவிடும். கதவை உதைப்பாள், பிடிக்கப் போனால் கடிப்பாள், மூன்று நாள் தூங்க மாட்டாள். நான் வேலை பார்ப்பது மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். அந்த மூன்று நாளும் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே நின்றபடி கண் சொருகும். ஒருமுறை ஆவி இஸ்திரி இயந்திரத்துக்குள் கை போகப் பார்த்தது. எதிரே நின்று மடிப்பவள்தான் இழுத்துவிட்டாள்.

"ஆபீஸ்ல மட்டும் வாயைத் திறந்துடாதே" என்றாள் அவள். "எங்க தெருவுல ஒருத்தி, என்னால சமாளிக்க முடியல, உதவி வேணும்னு சொன்னா. ஒரே வாரத்துல குழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அன்றிலிருந்து என் வாய்க்குப் பூட்டு. "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று மேடம் மாதாமாதம் கேட்பார். "ஒரு குறையும் இல்லைங்க" என்பேன். அவரும் எழுதிக்கொள்வார்.

இந்த மாதச் செவ்வாய் காலையில், அணில் குளிக்கிறாள் என்ற தைரியத்தில், கணவரிடம் உடைந்துபோய்ச் சொன்னேன்: "இனிமே என்னால முடியாது." அவர் லிப்ட் பழுது பார்ப்பவர், கருவிப் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

நாலு மணிக்கு மேடம் வந்தார். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். அவர் பேனாவை மூடும்போது அணில் அறையிலிருந்து வந்தாள். எப்போதும் மேடம் போகும்வரை உள்ளேயே இருப்பவள். இன்று காலில் ஷூ, முதுகில் பை. கதவோரமாகப் போய் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் மேடம்.

"உங்ககூட."

"யார் சொன்னா?"

"ரொட்டியை எடுத்துட்டாங்க. நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் எடுத்துடுவாங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை. "வழிக்கு வெச்சிருந்தேன். போன தடவை ரொம்ப தூரம். பசிச்சுது. இன்னிக்கு முடியாதுன்னும் சொல்லிட்டாங்க."

மேடம் வரும் செவ்வாயை ஒட்டியே மாதாமாதம் வெறி ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவளை யாரும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது என்றுதான் அத்தனையும் மறைத்தேன். மறைத்த என் கைதான் அவளை மாதாமாதம் வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. என்ன பெரிய புத்திசாலி நான்.

சட்டைக் கையைச் சுருட்டி மேடத்துக்கு முன்னால் நீட்டினேன். பழைய தடம், புதிய தடம் எல்லாம் பார்த்தார். கூடையை நகர்த்தி ஓட்டையையும் காட்டினேன்.

"நான் தூங்கி ரொம்ப நாளாச்சுங்க. உதவி வேணும். ஆனா இவளைக் கூட்டிட்டுப் போகக் கூடாது."

"பதினோரு மாசமா கேட்டேனேம்மா."

"கேட்டீங்க. சொன்னா என்ன செய்வீங்கன்னு சொன்னீங்களா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒருத்தி சொன்னதுக்குக் குழந்தையே போச்சாமே."

"எந்த வீடுன்னு தெரியும். அந்தக் குழந்தையை அதோட சொந்தச் சித்தி வந்து கேட்டாங்க, அதான் போச்சு." அவர் குரல் இறங்கியது. "ஆனா நீங்க சொல்றதும் சரி. நான் சொல்லியிருக்கணும். பயிற்சி எடுத்தவங்க வாரத்துல ரெண்டு மதியம் வந்து குழந்தையோட இருப்பாங்க. நீங்க தூங்கலாம். இப்படி வளர்க்கிறவங்க கூடிப் பேசறதும் இருக்கு. எல்லாம் கேட்டு எழுதறேன்."

"கடிச்சதையும் எழுதுவீங்களா?"

"எழுதித்தான் ஆகணும். திங்கக்கிழமை ஆபீஸ்ல நாலு பேரா உக்காந்து முடிவு பண்ணுவோம். இங்கயே இருக்கட்டும்னுதான் நான் சொல்லுவேன். மத்தவங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாதும்மா."

அவர் போன பிறகும் அணில் கதவோரத்திலேயே நின்றாள்.

"இப்ப போகலையா?"

"இன்னிக்கு இல்ல" என்றேன். 'எப்பவுமே இல்ல' என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. பதினோரு மாதம் சரளமாகப் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு சொல் வரவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்வார்களோ, யாருக்குத் தெரியும்?

சமையலறையில் மூடியோடு ஒரு தகர டப்பா இருந்தது. கழுவித் துடைத்து, ரொட்டிப் பொட்டலத்தோடு அவள் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன்.

"இது உன்னுது. யார் வந்தாலும் எடுக்க மாட்டேன்."

முதுகுப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். இரண்டு துண்டு எடுத்து டப்பாவுக்குள் அடுக்கினாள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏங்க, வழியில உங்களுக்கும் பசிக்குமா?"

"பசிக்கும்."

இன்னும் இரண்டு துண்டு எடுத்து வைத்து மூடினாள்.